கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாளே இன்ஜினியர் வரட்டும்

கேள்வி: தஞ்சாவூர் அருகே சொந்த மனையில் 1,200 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக் கணக்கில் கான்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறோம். பேஸ்மெண்ட் முடிந்து பில்லர் எழும்புகிறது. கணவர் மஸ்கட்டில் இருப்பதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலையெல்லாம் முடிந்ததும் வெளி இன்ஜினியர் ஒருவரை வைத்துச் சோதிக்கலாமா? "எங்க இன்ஜினியரே பார்க்கிறாரே, எதுக்கு வீண் செலவு?" என்கிறார் கான்ட்ராக்டர்.

பதில்: வெளி இன்ஜினியர் கண்டிப்பாக வேண்டும், இப்போதே வேண்டும். பூச்சும் பெயின்ட்டும் முடிந்த வீட்டில் அவரால் விரிசலையும் கசிவையும் டைல்ஸ் சரிவையும்தான் பார்க்க முடியும். கம்பி எங்கே கிடக்கிறது, எத்தனை போட்டார்கள் என்பதெல்லாம் அதற்குள் கான்கிரீட்டுக்குள் போயிருக்கும். கான்ட்ராக்டரின் இன்ஜினியர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருகிறவரின் வேலையையே அவர் குறை சொல்ல வேண்டியிருக்கும். உங்களிடம் ஃபீஸ் வாங்குகிறவர்தான் உங்களுக்காகப் பேசுவார். கட்டமைப்பு வடிவமைப்பில் அனுபவமுள்ள சிவில் இன்ஜினியராகப் பார்த்து, ஒரு தடவை வந்து போக இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம்.

எப்போது வரவழைப்பது? கான்கிரீட் போடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் முந்தின நாள். பில்லர், லிண்டல், சன்ஷேடு, ரூஃப் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். கான்கிரீட் வண்டி வாசலில் நிற்கும்போது தப்பைக் கண்டுபிடித்தால் யாருக்கும் திருத்த மனசு வராது. முந்தின நாள் என்றால் கம்பி கட்டுகிறவர் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார்.

இவற்றில் ரூஃப்தான் மிக முக்கியம். டிராயிங்கில் உள்ள கம்பித் தடிமனும் இடைவெளியும் சென்ட்ரிங் மேல் அப்படியே இருக்கின்றனவா என்று இன்ஜினியர் டேப் வைத்து அளக்க வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைச் சென்ட்ரிங்கில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்பதை நீங்களே குனிந்து பார்க்கலாம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456-இன்படி ஸ்லாபில் கம்பிக்கு வெளியே குறைந்தது 20 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும்; பில்லரில் 40, ஃபூட்டிங்கில் (பில்லரின் அடிப்பகுதி அஸ்திவாரம்) 50. உடைந்த ஜல்லியையோ ஓட்டுச் சில்லையோ முட்டுக் கொடுத்திருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடைவெளி குறைந்தால் சில வருஷங்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங்கிலிருந்து காரை பெயர்ந்து விழும்.

சன்ஷேடு, பால்கனி போல வெளியே நீளும் ஸ்லாபில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும் ஆட்கள் மிதித்து மிதித்து அதைக் கீழே இறக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கம்பி இருந்தும் பயனில்லை. அதைத் தாங்கும் 'சேர்' கம்பிகள் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எலெக்ட்ரிகல் பைப்புகளும் ஃபேன் பாக்ஸும் கம்பியை வெட்டாமல், நகர்த்தாமல் போயிருக்க வேண்டும்.

கான்கிரீட் போடும் நாளில் இன்ஜினியரோ அவருடைய ஆளோ முழு நேரமும் நிற்கட்டும். கலவை இளகலாக இருந்தால் தள்ளுவது சுலபம் என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, 25 முதல் 27 லிட்டர் வரைதான் தண்ணீர். அதற்கு மேல் போனால் பலம் குறையும். வைப்ரேட்டர் ஓட வேண்டும். 150 மி.மீ. கியூப் அச்சுகளில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மொத்தக் கான்கிரீட் 6 முதல் 15 கன மீட்டர் என்றால் 2 மாதிரி, 16 முதல் 30 என்றால் 3. மாதிரிக்கு 3 கியூப். 28 நாள் கழித்து, சோதனை வசதியுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து ரிப்போர்ட் வாங்கலாம்.

அடுத்த நாளிலிருந்து உங்கள் வேலை. ரூஃப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் விடுவதே நல்லது. சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்க விடாதீர்கள். சாதாரண சிமெண்டுக்கே 4.5 மீட்டருக்கு மேல் அகலமான அறையின் ஸ்லாபுக்கு 14 நாளும், 6 மீட்டருக்கு மேல் நீளும் பீமுக்கு 21 நாளும் அதே ஐஎஸ் 456-இல் சொல்லியிருக்கிறார்கள். பிபிசி என்றால் எப்போது பிரிப்பது என்பதை உங்கள் இன்ஜினியர் சொல்லட்டும்.

பூச்சுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்களுக்குப் பிரஷர் டெஸ்ட், டைல்ஸுக்கு முன்னால் பாத்ரூம் தளத்தில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது: இந்த இரண்டும் போதும்.

கான்ட்ராக்டர் முகம் சுளிப்பாரே என்று தயங்க வேண்டாம். நேரில் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அக்ரிமெண்டில் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்: எங்கள் இன்ஜினியர் எழுத்தில் ஓகே சொன்ன பிறகே கான்கிரீட்; அந்தக் கட்டத்தின் பணமும் அதன் பிறகே. வீடு கட்டி விற்கும் நிறுவனங்களுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் 5 ஆண்டுக் கட்டமைப்புப் பொறுப்பை வைத்திருக்கிறது. சொந்த மனையில் கான்ட்ராக்ட் விடுகிறவர்கள் அதை நம்பி இருக்க முடியாது. அதே பொறுப்பை அக்ரிமெண்டிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

மூடிப்போன அஸ்திவாரத்துக்கு, டிராயிங், கம்பி பில், வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்கள் மூன்றையும் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். டெல்டாவின் களிமண் ஈரத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், எந்த மண்ணில் நிறுத்தினார்கள் என்பதை முதலில் இன்ஜினியரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் ஓரிரு பில்லர் ஓரமாகத் தோண்டிப் பார்க்கச் சொல்வார். ரூஃப் ஏறாத இந்த நிலையில் அது பெரிய வேலையில்லை.