செங்டுவில் ஒரு வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் வளர்ந்தவள். செங்டு நகரில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கத் தன்னார்வலராக வந்து 16 நாட்கள் ஆகின்றன. அப்பா, அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் மகள் என நால்வர் இருக்கும் வீட்டில் தங்கியிருக்கிறேன். பள்ளியில் நான் படித்தது தமிழ். சீன மொழி மூன்று மாதம் கற்றதுதான். ஆனாலும் சீனர்கள் நடுவே வளர்ந்தவள் என்பதால் எதுவும் புதிதாக இருக்காது என்று நம்பி வந்தேன்.

கிண்ணம் காலியாகும் முன்பே நிரப்பிவிடுகிறார்கள். பாத்திரம் கழுவப் போனால் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறார்கள். ஜூலை வெயிலில் குடிக்க வெந்நீர். உடம்பு போட்டுவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள், அப்பாவின் சம்பளம் கேட்கிறார்கள். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று சொன்ன பிறகும் பீன்ஸ் வறுவலில் கொத்திய பன்றி இறைச்சி. கதவைத் தட்டாமல் அறைக்குள் வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இது அன்பா, என்னைக் குழந்தையாக நினைக்கிறார்களா? விடுதிக்கு மாறிவிடலாமா?

வி.

அன்புள்ள வி.,

மாற வேண்டாம். இன்னும் மூன்று வாரமாவது இருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் அதே நகரில் ஒரு குடும்பத்தோடு ஏழு வாரம் இருந்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நன்றிதான். நீங்கள் ‘ஷியே ஷியே’ என்றதும் அவர்கள் ‘பூ க்கெச்சி’ என்று பதில் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் ‘பரவாயில்லை’ என்று பொருள் போட்டிருக்கும். ‘க்கெ’ என்றால் விருந்தாளி. விருந்தாளியைப் போல நடந்துகொள்ளாதே என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருப்பது. ஒரு நாளைக்கு இருபது முறை அவர்கள் உங்களிடம் இதைச் சொல்கிறார்கள். நீங்கள் இருபத்தோராவது முறையும் நன்றி சொல்கிறீர்கள். வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் ஒவ்வொரு கிண்ணம் சோற்றுக்கும் நன்றி சொன்னால், தன்னை வெளியே நிறுத்திக்கொள்கிறார் என்றே அவர்கள் காதில் விழும். அதற்கு ‘ஜியன்வாய்’ என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், வெளியாளாகப் பார்ப்பது. நம் வீடுகளிலும் அம்மா தோசை வைக்கும்போது யார் நன்றி சொல்கிறோம்?

சமையலறை மூலையில் முழங்கால் உயரத்தில் ஒரு மண்சாடி இருக்கிறதா, பாருங்கள். செங்டு இருக்கும் சிச்சுவான் மாகாணத்து வீடுகளில் அநேகமாக இருக்கும். ‘பாவ் சாய்’ என்னும் ஊறுகாய்க்கானது. சாடியின் வாயைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். அதில் தண்ணீர் ஊற்றி, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல மூடியை வைத்துவிடுவார்கள். உள்ளே புளிக்கும்போது எழும் காற்று அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ‘குளுக்’ என்று வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது. இரவில் வீடு அடங்கியபின் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். முள்ளங்கியும் இஞ்சியும் மிளகாயும் போகும், வரும். உப்புநீரை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொட்டமாட்டார்கள். அதில் ஒரு துளி எண்ணெய் படக்கூடாது. எடுப்பதற்கென்றே தனிக் குச்சிகள் உண்டு.

நான் அது தெரியாமல், இரண்டாவது வாரத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த குச்சிகளாலேயே உள்ளே விட்டு முள்ளங்கி எடுத்தேன். மூன்றாம் நாள் உப்புநீரின் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்திருந்தது. பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னக் கோப்பையில் வெள்ளைச் சாராயம் கொண்டுவந்து உள்ளே ஊற்றி மூடினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த வீட்டுப் பேத்தி அதைச் செய்திருந்தால் தெருமுனை வரை கேட்டிருக்கும். திட்டு விழாததுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் சாடியருகே போய் நின்று வாய்க்காலைக் காட்டினேன். கோடை வெப்பத்தில் தண்ணீர் பாதி வற்றியிருந்தது. பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுக் குவளையை என் கையில் கொடுத்தார். அன்று முதல் அந்தத் தண்ணீர் என் பொறுப்பு. ஐந்தாவது வாரம் வெறுங்காலோடு கூடத்துத் தரையில் நடந்தேன். பாட்டி சமையலறையிலிருந்தே என் பெயரைச் சொல்லிக் கத்தினார், செருப்பு எங்கே என்று. ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டேன். அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

அதனால் பாத்திரத்தை விடுங்கள். பாத்திரம் கழுவ வருவது விருந்தாளிகள் வழக்கமாகச் செய்யும் உபசாரம். வேறொரு சின்ன வேலையைக் கேளுங்கள். பூண்டு உரிப்பது, பாட்டியோடு காலையில் சந்தைக்குப் போய்ப் பை தூக்குவது. முறை சொல்லியும் கூப்பிடுங்கள். பாட்டியை ‘நைநை’ என்று படித்திருப்பீர்கள். செங்டு பேச்சில் ‘ன’வும் ‘ல’வும் கலந்துவிடும், அங்கே அது ‘லைலை’ என்றுதான் காதில் விழும். அவர்கள் சொல்கிறபடியே சொல்லுங்கள். மூன்று மாதம் கற்ற மொழி அந்த வீட்டில் கைகொடுக்கவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. பாட்டி பேசுவது சிச்சுவான் பேச்சு.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோரின் ஆட்கள் 1993இல் முதன்முதலாகச் சிச்சுவானுக்கு வந்தபோது 18 பேர்தான். மாவோ காலத்துப் பிரசாரத்தில் அந்தப் பெயர் கெட்டுப்போயிருந்ததால் ‘அமெரிக்க–சீன நட்புத் தன்னார்வலர்கள்’ என்ற பெயரில் வந்தார்கள். 2020 வரை அந்தத் திட்டம் நடந்தது. பிற்காலத்தில் வந்தவர்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பும் முன் கோடைக்காலப் பயிற்சியின்போது செங்டுவில் குடும்பங்களோடு தங்கவைத்தார்கள். நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில்தான் அவர்களும் தொடங்கினார்கள்.

வெந்நீரைக் குடித்துவிடுங்கள். குளிர்ந்தது வயிற்றுக்கு ஆகாது என்ற பழைய நம்பிக்கையோடு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்ன, 1952இல் தொடங்கிய தேசபக்தச் சுகாதார இயக்கமும் சேர்ந்து அந்தப் பழக்கத்தை ஊன்றியது. எடையும் சம்பளமும் அக்கறையில் கேட்பவை. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சுமாராக வருகிறது’ போதும், மேலே கேட்கமாட்டார்கள்.

இறைச்சியை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. பலருக்கு அங்கே இறைச்சி என்றால் துண்டுகள்தான். கொத்தியது மணத்துக்காகச் சேர்ப்பது. ‘வோ ச்சி சூ’, நான் மரக்கறிதான் உண்பேன் என்று, சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். சமைத்து முடித்தவருக்கு அது அவமானமாகிவிடும். சந்தையில் காய் வாங்கும்போது பாட்டியிடம் சொல்லுங்கள், கொத்திய இறைச்சியும் பன்றிக்கொழுப்பும் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

கதவு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பண்பாடு என்று சொல்லி அதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அம்மாவிடம் நேரே போகாமல் மகளிடம் பேசுங்கள். உங்கள் வயதுதான், அவளுக்கும் அதே கதவு, அதே அம்மா. அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.