டாக்டர் மேல அஞ்சு கேஸ்

வணக்கம் சார்,
நான் கவர்மென்ட் மிடில் ஸ்கூல் டீச்சர், 14 வருஷ சர்வீஸ். பசங்களே ரூல்ஸ் போடட்டும், ஓட்டுப் போடட்டும்னு எழுதியிருந்தீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ஒருத்தன் விழுந்து கைய உடைச்சுக்கிட்டா பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல நிக்கப்போறது நான்தானே? முடிவு அவங்களோடது, பொறுப்பு மட்டும் என்னோடதா?
— ஒரு ஆசிரியை

டீச்சர், ஆமா, நீங்கதான் நிக்கணும். பசங்க ஓட்டுப் போட்டாங்கன்னு கைகழுவ முடியாது, கழுவினா அதுக்குப் பேரு சோம்பேறித்தனம். ஆனா பசங்களுக்காக பிஇஓகிட்ட பதில் சொல்றோமே, பசங்ககிட்ட யாரு பதில் சொல்றது?

போலந்துல, வார்சாவுல யானுஷ் கோர்ச்சாக்னு ஒரு குழந்தைங்க டாக்டர், 1912ல யூத அனாதைப் பசங்களுக்கான இல்லத்த நடத்த ஆரம்பிச்சாரு. அங்க பசங்களே நடத்துற கோர்ட் ஒண்ணு இருந்துச்சு. தன்மேல கேஸ் இல்லாத பசங்கள்ல சீட்டு குலுக்கி அஞ்சு ஜட்ஜ், டீச்சருக்கு எழுதி வெக்கிற குமாஸ்தா வேலை மட்டும், ஓட்டு கிடையாது. சட்டத்துல நம்பர் 1000 வரைக்கும் போகும், அதுல முதல் 99ம் மன்னிச்சு விடுறதுக்குத்தான். பொறுப்புக்கும் பொறுத்துக்கிறதுக்கும் தமிழ்ல ஒரே வேர்ங்கிறது இத படிச்சப்போதான் எனக்கு உறைச்சுது.

இதுல அரை வருஷத்துல அந்த டாக்டர் மேலயே அஞ்சு கேஸ், அஞ்சும் அவரே போய் தன்மேல கொடுத்துக்கிட்டது. ஒரு பையன காதோட அறைஞ்சது, ஒருத்தன தூங்குற ரூம்ல இருந்து வெளிய தள்ளினது, மூலைல நிக்க வெச்சது, ஜட்ஜ் பையன திட்டினது, அப்புறம் ஒரு பொண்ணு திருடினான்னு சந்தேகப்பட்டது. 1942ல சுமார் 200 பசங்களோட அவரும் ட்ரெப்ளிங்காங்கிற நாஜி கொலை முகாமுக்குப் போனத எல்லாரும் உருகி எழுதுவாங்க, எழுதணும்தான், எனக்கு என்னவோ இந்த அஞ்சு கேஸ்தான் அடிக்கடி ஞாபகம் வரும்.

உங்க கிளாஸ்ல கோர்ட் எல்லாம் வேணாம். எனக்கு எட்டாங்கிளாஸ்ல ஒரு சார், காணாம போன காம்பஸ் பாக்ஸுக்காக என்னைய முட்டி போட வெச்சாரு. கடைசில அது அவரோட டேபிள் டிராயர்லயே இருந்துச்சு. பாத்துட்டு டிராயர மூடிட்டு பாடத்த ஆரம்பிச்சாரு, எழுந்திரின்னு கூட சொல்லல. ரொம்பப் பொறுப்பான வாத்தியார்னு ஊர்ல பேரு, டிசம்பர்லயே சிலபஸ முடிச்சிருவாரு.