பொன்னும் பூவும்: கேள்வி பதில்

இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, கிறிஸ்தவப் பெண்களின் அலங்காரம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

அம்மா, ஞானஸ்நானத்துக்கு முன் தோட்டைக் கழற்றச் சொல்கிறார் எங்கள் பாஸ்டர். 1 பேதுரு 3:3-ஐக் காட்டுகிறார். கழற்றத்தான் வேண்டுமா? (தூத்துக்குடி)

வசனத்தைப் பாதியில் வெட்டாதீர்கள், மகளே. பேதுரு அங்கே மூன்றைச் சேர்த்துச் சொல்கிறார்: "மயிரைப் பின்னி, பொன்னாபரணங்களை அணிந்து, உயர்ந்த வஸ்திரங்களை உடுத்திக்கொள்ளுதல்". பொன்னை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிற சபைகள் ஏராளம். காது மூளியாக இருக்கும். முந்தானையில் காஞ்சிபுரம் சரிகை மின்னும்.

1 தீமோத்தேயு 2:9-ல் பவுல் இதே பட்டியலில் முத்தையும் சேர்க்கிறார். இங்கே சொல்லப்படுவது பள்ளிக்கூடப் பிள்ளையின் இரட்டைச் சடை அல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சீமாட்டிகளுக்குச் செதுக்கிய பளிங்குச் சிலைகளைப் பாருங்கள்: நெற்றிக்கு மேல் சுருள் சுருளாக அடுக்கிய கூந்தல். அதை அடுக்க ஓர் அடிமைப்பெண் வேண்டும். வீடுகளில் கூடிய அன்றைய சபையில் சீமாட்டியும் அடிமையும் ஒரே அப்பத்தைப் பிட்டார்கள். அந்த இடத்தில் செல்வத்தைத் தலையில் சுமந்துகொண்டு வராதே என்பதுதான் அப்போஸ்தலர்களின் பேச்சு என்று நான் வாசிக்கிறேன். தோட்டைக் கழற்றினால்தான் ஞானஸ்நானம் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. நீங்களே மனமுவந்து கழற்றினால் அது வேறு; அதை யாரும் கேலி செய்யக் கூடாது.

யாக்கோபு காதணிகளைக் கர்வாலி மரத்தின்கீழ்ப் புதைத்தாரே? (ஆதியாகமம் 35:4)

புதைத்தார், அந்நிய தேவர்களின் சிலைகளோடு சேர்த்து. அதே புத்தகத்தில் 24-ம் அதிகாரத்தில் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குக் காதணியும் கடகமும் போடுகிறான். யாத்திராகமத்தில் இஸ்ரவேலர் காதணிகளை உருக்கி, வணங்குவதற்குக் கன்றுக்குட்டி செய்கிறார்கள். மூன்று அதிகாரம் தள்ளி, தேவனுக்கான ஆசரிப்புக் கூடாரத்துக்கும் ஆபரணங்களைக் கொடுக்கிறார்கள். எசேக்கியேல் 16-ல் எருசலேம் நகரம் ஒரு பெண்ணாக வருகிறது; அவளுக்குக் கடகமும் கழுத்தில் சரப்பணியும் பூட்டுகிறவர் கர்த்தரே.

மூக்குத்தி போடலாமா?

தோட்டுக்குச் சொன்னதுதான்.

ஆதிச் சபையின் பிதாக்களும் அலங்காரத்தைக் கண்டித்தார்கள்தானே?

கடுமையாகவே. கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறக்குறைய கி.பி. 200-ல் பெண்களின் அலங்காரத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பெண்ணைப் பிசாசின் வாசல் என்றவர் அவர். சாயம் தோய்த்த துணியைக் கண்டிக்க அவர் காட்டும் நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தேவனுக்கு அந்த நிறம் வேண்டியிருந்தால் ஆடுகளை ஊதா நிறத்திலேயே பிறப்பித்திருக்க மாட்டாரா? மனிதருக்கு நல்ல சொல்வன்மை. அந்தக் கணக்கில் ரொட்டியும் மரத்தில் காய்க்க வேண்டும். அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து கொஞ்சம் இறங்கி வந்தார். வீட்டுப் பொருள்களுக்கு முத்திரையிட ஒரு மோதிரம் போதும் என்றார். இருவரும் மதிப்புக்குரியவர்கள். ஆனால் அவர்கள் எழுதியது வேதவசனம் அல்ல.

மிஷனெரிகள் நம் பெண்களின் அழகைப் பிடுங்கிவிட்டார்கள் என்று என் பேத்தி சொல்கிறாள். (நாகர்கோவில்)

பேத்தியிடம் தோள்சீலைப் போராட்டத்தைச் சொல்லுங்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதே குற்றமாக இருந்தது. கிறிஸ்தவப் பெண்கள் ரவிக்கை அணிந்தார்கள், அதற்குமேல் தோள்சீலையும் போட்டார்கள். சந்தைகளில் மேல்சாதியினர் அதைக் கிழித்தெறிந்தார்கள். 1829-ல் வந்த அரசாணை ரவிக்கைக்கு இடம் கொடுத்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1858-59-ல் பெருங்கலவரம். 1859 ஜூலை 26-ல் மகாராஜா மார்பை மறைக்க அனுமதித்தார், மேல்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு! அந்தப் பெண்களுக்கு உடை என்பது ஆடம்பரமா, மானமா?

பேத்தி சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பாம்படம் என்ற கனத்த காதணி போட்டுத் தோள்வரை தொங்கிய காதுகளை மிஷனெரிகள் அநாகரிகம் என்றார்கள். அந்தக் காதை அறுத்துத் தைத்துக்கொண்ட கிறிஸ்தவப் பெண்கள் உண்டு.

நான் பெந்தெகொஸ்தே விசுவாசி. நகையைக் கழற்றியதால் எங்கள் சபையில் ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லை. அதைச் சொல்ல மாட்டீர்களா? (மதுரை)

சொல்கிறேன், ஐயா. கூலிவேலை செய்யும் பெண்ணும் பண்ணையார் மனைவியும் வெள்ளைச் சேலையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் கல்யாணப் பேச்சில் நகை எங்கே போகிறது என்று பாருங்கள். கழுத்தில் போடாத நாற்பது பவுன் வங்கி வைப்புத்தொகையாக, மனையாக, மாப்பிள்ளையின் காராக வந்து இறங்குகிறது.

அது மனிதரின் குறை, உபதேசத்தின் குறை அல்ல. (மதுரை, மறுபடியும்)

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் நகை போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வரும் பெண்ணின் குறையையும் அந்தத் தராசிலேயே நிறுங்கள். தோடு போட்டவளைத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்குகிற சபை, வரதட்சணை வாங்கியவரை மூப்பராக்குகிறது. காதைப் பார்க்கிற கண்ணுக்குச் சட்டைப்பை தெரியவில்லையா?

ஆண்களும் தங்கச் சங்கிலி போடுகிறார்களே? (மதுரையாருக்குப் பதிலாக, சென்னையிலிருந்து)

நல்ல கேள்வி. மதுரை ஐயா பதில் சொல்லட்டும்.

தலைக்குச் சாயம்? புருவம் திருத்துவது? பூ வைப்பது? கண் மை?

நான்கு பேர் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள். முதல் பதிலை வாசியுங்கள். யேசபேல் ராணி கண்ணுக்கு மையிட்டாள் என்று எழுதப்போகிறவர்களும் வாசியுங்கள்: அவள் மேல் வந்த தண்டனை, திராட்சத்தோட்டத்துக்காக அவள் கொல்லவைத்த நாபோத்தின் இரத்தத்துக்காக.

நான் கறுப்பு. விசுவாசக் குடும்பங்களிலிருந்துதான் வரன் வருகிறது. எல்லாரும் சிவந்த பெண்தான் கேட்கிறார்கள். நிறம் மாற ஒரு களிம்பு பூசுகிறேன். பாவமா?

பாவம் உங்களுடையது அல்ல, கண்ணு. "செளந்தரியம் வஞ்சனையுள்ளது, அழகும் வீண்" என்று நீதிமொழிகள் 31:30-ஐப் பத்திரிகையில் அச்சடித்துவிட்டு, மணமகள் தேவை விளம்பரத்தில் நிறம் கேட்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். உன்னதப்பாட்டின் மணவாட்டி "நான் கறுப்பாயிருந்தாலும் அழகாயிருக்கிறேன்" என்கிறாள். களிம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நாளடைவில் தோல் மெலிந்து சிவந்துபோகும். குழாயை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.