சால்டேரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை கிடைத்துள்ளது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள சால்டேர் என்ற பழைய ஆலை ஊரைச் சுற்றிப் பார்த்து, அந்தக் கல் வீடுகளில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டோம். அங்கேயே வீடு வாங்கிக் குடியேறலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, அல்பாக்கா என்ற தென்னமெரிக்க விலங்கின் கம்பளித் துணியில் செல்வம் சேர்த்த ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட், பிராட்ஃபோர்ட் நகரின் புகையையும் நெரிசலையும் விட்டு விலகி ஏர் ஆற்றங்கரையில் 1853-இல் ஆலையைத் திறந்து, அதையொட்டித் தொழிலாளருக்காக எழுப்பிய ஊர் அது. தெருக்களுக்கு மனைவி கரோலினின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் சூட்டியவர், மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. (பின்னாளில் அங்கே திறந்த மதுக்கூடம் ஒன்றுக்கு 'டைட்டஸிடம் சொல்லாதே' என்று பெயர் வைத்தார்கள்!) 1986-இல் நெசவு நின்றது, மறு ஆண்டு ஆலையை வாங்கிய ஜொனதன் சில்வர் என்பவர் அதை ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியக்கூடமாகவும் கடைகளாகவும் மாற்றினார். 2001-இல் ஊர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நீங்கள் பார்த்தது விருந்தாளியின் சால்டேர். பல வீடுகளில் வாசற்படியைத் தாண்டினால் நடைபாதைதான். உங்களைப் போலவே ஞாயிறுதோறும் வருகிறவர்கள் உங்கள் சன்னலையும் பார்த்துக்கொண்டு போவார்கள். மேற்பார்வையாளர்களுக்குக் கட்டியவை சற்றுப் பெரியவை; சாதாரணத் தொழிலாளர் வீடுகளோ சிறியவை என்பதால், எந்த வகை வீடு என்பதை முதலில் கேளுங்கள். கார் நிறுத்துவதும் எளிதன்று. ஆனால் ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருப்பதால் உங்கள் கணவருக்குக் கார் இல்லாமலே வேலை நடக்கும்.

அன்று முதலாளி விதித்த கட்டுப்பாடு போய், இன்று சட்டத்தின் கட்டுப்பாடு வந்திருக்கிறது. அவ்வீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் ஆகையால், கதவையோ சன்னலையோ மாற்றுவதற்கும், கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் உள்வேலைகளுக்கும் பிராட்ஃபோர்ட் மாநகர மன்றத்தின் அனுமதி தேவை. அனுமதியின்றிச் செய்வது குற்றம். இதில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: முந்தைய உரிமையாளர் அனுமதியின்றிப் பிளாஸ்டிக் சன்னல் பொருத்தியிருந்தாலும், அதை அகற்றச் சொல்லும் நோட்டீஸ் இன்றைய உரிமையாளரின் கைக்கே வரும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், செய்யப்பட்ட மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் அனுமதி உண்டா என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அக்காலக் கற்சுவர்களில் ஈரம் தங்கும். சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிச் சிமெண்ட் பூசியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

என் யோசனை, முதலில் ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள் என்பதே. நாள்தோறும் தாளிக்கும் நம் சமையலுக்குப் புகை வெளியேறியாக வேண்டும். அதற்கென வெளிச்சுவரில் புதிதாகத் துளையிடுவதற்கும் மன்றத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.