பைக்குல எக்ஸாஸ்ட் மாத்தியாச்சு, ஃபியூல் டியூனிங் மாட்யூல் நானே மாட்டலாமான்னு கேட்டீங்க

தாராளமா மாட்டலாம், வயர் எதையும் வெட்டாம கப்ளர்லயே (வயர் முனையில இருக்கிற ப்ளக்) கோர்க்கிற மாடலா இருந்தா ஒரு மணி நேர வேலைதான். இது ஈசியூவ (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) ரீமேப் பண்ணாது, அதாவது அதுக்குள்ள இருக்கிற ப்ரோக்ராம மாத்தாது, ஈசியூவுக்கும் பெட்ரோல பீச்சியடிக்கிற இன்ஜெக்டருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு இன்ஜெக்டர் தொறந்திருக்கிற நேரத்த கூட்டிக் கொறைக்கும், அவ்ளோதான்.

இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க, டேங்க தூக்கினா இன்ஜெக்டர் கப்ளர் தெரியும், லாக்க அமுக்கி உருவுங்க (வயர புடிச்சு இழுக்காதீங்க, நான் அப்படி இழுத்து ஒரு பின்ன வளைச்சு அரை நாள் போச்சு), மாட்யூலோட ரெண்டு முனையையும் நடுவுல கோருங்க, "க்ளிக்"னு சத்தம் வரணும். எர்த் வயர் நேரா பேட்டரி நெகட்டிவ்க்கே போகட்டும், பெயின்ட் அடிச்ச ஃப்ரேம் போல்ட்ல குடுத்தா வண்டி விட்டு விட்டு இழுக்கும், காரணமே புடிபடாது. வயர் சைலன்சர் சூட்டுல படாம டை போடுங்க, வயர் எங்கயும் இழுபடுதான்னு ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க.

நெறைய பேர் கோட்டை விடறது ஆக்சிஜன் சென்சார்ல (எக்ஸாஸ்ட் புகையில எவ்ளோ ஆக்சிஜன் மிச்சம்னு ஈசியூவுக்கு சொல்றது). ஒரே வேகத்துல சீரா ஓட்டறப்போ ஈசியூ எடைக்கணக்குல 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்ங்கிற கணக்குலயே நிக்கப் பாக்கும், நீங்க மாட்யூல்ல பெட்ரோல கூட்டினா அது சென்சார பாத்து திரும்பக் கொறைச்சிரும், ரெண்டும் மல்லுக்கட்டும். அதனால அந்த சென்சாருக்கும் சேத்து கனெக்ஷன் இருக்கிற கிட்டா பாத்து வாங்குங்க. ஸ்டாக் எக்ஸாஸ்ட், ஸ்டாக் ஃபில்டரோட ஓட்டறவங்களுக்கு இது பெரும்பாலும் தெண்டச் செலவு.