செத்தது ஒட்டுண்ணியா, சிவப்பணுவா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை ஆய்வுக்காக நான்கு மருத்துவச் செடிகளின் இலைகளைக் கொதிக்கவைத்து வடித்து, அந்தச் சாற்றை மலேரியா ஒட்டுண்ணி வளர்ப்பில் சோதித்தேன். மூன்றில் பலனில்லை. ஒன்று மட்டும் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. காலங்காலமாகக் குடித்துவரும் மூலிகை என்பதால் நச்சுச் சோதனை செய்யவில்லை. சேர்மத்தைப் பிரிக்க எந்தக் கரைப்பானில் தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

பலிக்காத மூன்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே பதில் எழுதத் தோன்றியது. கரைப்பானா? ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று வரிசையாகப் போங்கள். அது பெரிய விஷயமில்லை.

‘எல்லாவற்றையும் கொன்றது’ என்கிறீர்களே, எதை? 100 மைக்ரோகிராமில் பாதிச் செடிகள் எதையாவது கொல்லும். கச்சாச் சாறு 10 மைக்ரோகிராமுக்குள் பாதி ஒட்டுண்ணிகளையாவது அடக்கினால்தான் திரும்பிப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியம் சாப்போனின், பல செடிகளில் உள்ள, சோப்பு போல நுரைக்கும் பொருள். அது சிவப்பணுவின் சவ்வை ஓட்டையாக்கிவிடும். வீடு இடிந்தால் உள்ளே குடியிருக்கும் ஒட்டுண்ணியும் போய்விடும். ஒட்டுண்ணி எவ்வளவு பெருகியது என்று பார்க்க இடும் சைபர் கிரீன் சாயம் அளப்பது டி.என்.ஏ.வை. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால் ஒளிர்வது ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. மட்டுமே. அணு உடைந்து ஒட்டுண்ணி பெருகாமல் போனாலும், மருந்து அதை நேரடியாகத் தாக்கினாலும், கருவி காட்டும் எண் ஒன்றுதான். ஒட்டுண்ணியை வெளியே எடுக்க ஆய்வகங்களே சிவப்பணுவைச் சாப்போனின் ஊற்றித்தான் உடைக்கின்றன. இதை அறிந்தவர்கள்கூடத் தங்கள் சாற்றைச் சந்தேகிப்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

உடனே செய்யக்கூடியது: சாற்றுப் பொடியைச் சிறிது நீரில் கலந்து சோதனைக் குழாயில் வேகமாகக் குலுக்குங்கள். தேன்கூடு போன்ற நுரை 15 நிமிடம் அடங்காமல் நின்றால் சாப்போனின் இருக்கலாம். அடுத்து, ஒட்டுண்ணி இல்லாத, கழுவிய சிவப்பணுக்களை 2 சதவீத அளவில் எடுத்து, அதே செறிவுகளில், 37 டிகிரியில், சோதனை ஓடிய அதே நேரம் வையுங்கள். சுழற்றி, மேலே தெளிந்த நீரில் கசிந்திருக்கும் சிவப்பு நிறத்தை 540 நானோமீட்டர் ஒளியில் அளவிடுங்கள். முழுச் சிதைவுக்கு ஒப்பீடாக அணுக்களை உடைக்கும் டிரைட்டான் என்ற சோப்புப் பொருள் சேர்த்த ஒரு குழி சோதனைத் தட்டில் வேண்டும். இலைச்சாறு தானே நிறமுள்ளது. எனவே அணுக்கள் இல்லாமல் சாறு மட்டும் உள்ள குழியும் வேண்டும். இதை விட்டுவிட்டால் செடியின் நிறத்தையே இரத்தச் சிதைவாகப் படிப்பீர்கள். சாற்றைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தால் அது 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதுமட்டும் இட்ட குழியும், ஒப்பிட, மலேரியா மருந்தான குளோரோகுவின் இட்ட குழியும் இல்லாத தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

இவ்வளவும் தேறினால் மனித உயிரணுக்களில் நச்சுச் சோதனை. ஒட்டுண்ணியில் பாதியை 8 மைக்ரோகிராமும், மனித உயிரணுக்களில் பாதியை 12 மைக்ரோகிராமும் கொன்றால் விகிதம் 1.5. அது மருந்தல்ல, விஷம். குறைந்தது 10 வர வேண்டும். உயிருள்ள அணு ஊதாவாக்கும் சாயத்தை இட்டு அளக்கும் எம்.டி.டி. முறை என்றால் இன்னொரு வம்பு: செடியின் பாலிஃபீனால்கள் அந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக்கி, செத்த அணுவை உயிரோடிருப்பதாகக் காட்டும். சாயம் இடுமுன் சாற்றைக் கழுவி எடுங்கள்.

பலிக்காத மூன்றையும் அதற்குள் கைவிடாதீர்கள். நீங்கள் கொதிக்கவைத்ததிலேயே மருந்துப் பொருள் சிதைந்திருக்கலாம். நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங், சிங்ஹாவ் செடியை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னார்; காய்ச்சச் சொல்லவில்லை. அதைப் படித்துத்தான் சீன விஞ்ஞானி து யூயூ, சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971இல் அந்தச் சாறு எலி மலேரியாவை முழுதாக அடக்கியது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து. உங்கள் மூன்று செடிகளுக்கும் பழைய குறிப்பு ஊறவைக்கச் சொல்கிறதா, காய்ச்சச் சொல்கிறதா, இலையா வேரா என்று பாருங்கள்.

‘காலங்காலமாக’ என்ற சமாதானத்தை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். குடித்த அன்று வாந்தி வந்தால் எவரும் கண்டுபிடிப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் கெட்டால் யார் செடியைச் சந்தேகிப்பார்கள்? புழுவுக்குக் கொடுக்கும் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்தில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தை அழித்துப் புற்றுநோயும் உண்டாக்குவது அது. உங்கள் நான்காவது செடி அந்தக் குடும்பம் என்றால் கரைப்பான் வாங்கவே வேண்டாம்.