வெள்ளரிக் கோசம்பரி மதியத்துக்குள் தண்ணீராகிவிடுகிறதா?

காலையில் கலந்த வெள்ளரிக் கோசம்பரி மதியம் டப்பாவில் தண்ணீராக நிற்கிறது, ஊறவைத்த பாசிப்பருப்பும் நறுக்கென்று கடிபடுகிறது என்று மண்டபம் ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் கீழக்கரை, எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

குற்றவாளி உப்பு. வெள்ளரியில் 95 சதவீதம் தண்ணீர்தான், உப்புப் பட்டதும் கசிய ஆரம்பித்துவிடும். காயை நீளவாக்கில் பிளந்து, விதைச் சதையைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு நறுக்குங்கள். உப்பும் எலுமிச்சை மூடியும் தனியாகப் போகட்டும், சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். தேங்காய்த் துருவல் டப்பாவுக்கு வேண்டவே வேண்டாம், இந்த வெயிலில் ஊசிப்போகும். பதிலுக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

பருப்புக்கு போர் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? உவர்த் தண்ணீரில் சரியாக ஊறாது. குடிதண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், அதுதான் பதம்.

அப்புறம் தாளிப்பு. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாய் இருக்க நீள மிளகாய் எதற்கு? ஒன்றைக் கிள்ளி, கடுகோடு நல்லெண்ணெயில் தாளித்து, நன்றாக ஆறவிட்டுக் கொட்டுங்கள். சூடாகக் கொட்டினால் வெள்ளரி துவண்டுவிடும்.

ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானே, மீன் விலைக்கு இதுவே தேவலை.